பர்லிங்டன் மேயர் பெர்னி சாண்டர்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்னி சாண்டர்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு 2016ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. கலைந்த வெள்ளை முடியோடு மேடையில் விரலை ஆட்டிப் பேசிய அந்த மனிதருக்கு அப்போதே வயது 74. அதற்கு முன்னால் முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் பதவி அரசியலில் இருந்திருந்தார். அதில் முதல் எட்டு ஆண்டுகள், வெர்மான்ட் மாநிலத்தில் நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத பர்லிங்டன் என்ற ஊரின் மேயராகக் கழிந்தன. அந்த எட்டு ஆண்டுகளை விட்டுவிட்டு அவரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்தப் பதில்களில் வாஷிங்டனைவிடப் பர்லிங்டனுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அவர் எங்கே பிறந்தவர்? குடும்பம் எப்படிப்பட்டது?

1941 செப்டம்பர் 8 அன்று நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை ஈலையஸ், இன்று போலந்தில் இருக்கும் ஸ்லோப்னிட்சே என்ற கிராமத்திலிருந்து 1921இல், பதினேழு வயதில், கையில் காசில்லாமல் கப்பலேறி வந்த யூதர். பெயின்ட் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஊரிலேயே தங்கிவிட்ட உறவினர்களில் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள். அரசியல் என்பது உயிர் போகிற விஷயம் என்பதைச் சிறு வயதிலேயே அந்த இழப்பிலிருந்து கற்றுக்கொண்டதாகச் சாண்டர்ஸ் சொல்லியிருக்கிறார்.

பட்டினி கிடந்த குடும்பம் என்று சொல்ல முடியாது. ஆனால் மூன்றரை அறை கொண்ட வாடகை வீட்டில், பணத்தைப் பற்றிய சச்சரவு ஓயாமல் நடந்தது. என்றாவது ஒருநாள் சொந்த வீட்டுக்குக் குடிபோக வேண்டும் என்பது தாய் டாரதியின் ஆசை. அது நிறைவேறாமலே 1960இல், ஐம்பது வயதைத் தொடுவதற்கு முன்பே, அவர் இறந்துபோனார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நகராட்சி வீட்டுத் திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது தேவைப்படும்.

அண்ணன் லாரி இங்கிலாந்தில் குடியேறி, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் மாவட்ட மன்றத்தில் பசுமைக் கட்சி உறுப்பினராக இருந்தவர். அண்ணன் தம்பி இருவருமே உள்ளாட்சியில் இருந்தவர்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

மாணவராக இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டாரா?

ஆம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தபோது இன சமத்துவ காங்கிரஸ் என்ற குடிமை உரிமை அமைப்பின் மாணவர் கிளையில் இருந்தார். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான குடியிருப்புகளில் கறுப்பின மாணவர்களுக்கு வீடு தர மறுத்ததை எதிர்த்து, 1962 ஜனவரியில் பல்கலைக்கழகத் தலைவரின் அலுவலகத்தில் நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1963 ஆகஸ்டில் சிகாகோ பள்ளிகளின் இனப் பாகுபாட்டை எதிர்த்த போராட்டத்தில் கைதாகி 25 டாலர் அபராதம் கட்டினார். அதே மாதம் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணிக்கும் போயிருந்தார். 1964இல் அரசியல் அறிவியலில் பட்டம் பெற்றார். அவர் ஈடுபட்ட முதல் பெரிய போராட்டமே குடியிருக்க வீடு கிடைப்பதைப் பற்றியது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

நியூயார்க்கில் பிறந்தவர் வெர்மான்ட் அரசியல்வாதி ஆனது எப்படி?

கனடா எல்லையை ஒட்டிய சிறிய மலை மாநிலம் வெர்மான்ட். அறுபதுகளின் இறுதியில் நகர வாழ்க்கையை விட்டு அங்கே குடியேறிய இளைஞர் கூட்டத்தில் அவரும் ஒருவராக, 1968இல் நிரந்தரமாக வந்து சேர்ந்தார். தச்சு வேலை செய்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார், பள்ளிகளுக்கு வரலாற்றுப் படச்சுருள்கள் தயாரித்து விற்றார். எதிலும் பெரிய வருமானம் இல்லை.

வியட்நாம் போரை எதிர்த்துத் தோன்றிய லிபர்ட்டி யூனியன் என்ற சிறு கட்சியின் வேட்பாளராக 1972இல் இரண்டு முறையும், 1974இலும், 1976இலும் செனட் எனப்படும் நாடாளுமன்ற மேலவைக்கும் மாநில ஆளுநர் பதவிக்கும் மாறி மாறி நின்றார். நான்கிலும் தோல்வி. கடைசித் தேர்தலில் கிடைத்த 6 விழுக்காடுதான் அவர் அதுவரை கண்ட உச்சம். 1977இல் கட்சியை விட்டு விலகினார். அத்தோடு அவர் கதை முடிந்தது என்றுதான் அன்று யாரும் நினைத்திருப்பார்கள்.

1981இல் மேயர் தேர்தலில் வென்றது எப்படி?

அந்த யோசனை அவருடையது அல்ல. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நண்பர் ரிச்சர்ட் சுகர்மேன், பழைய ஆளுநர் தேர்தலின் வாக்குக் கணக்கை வார்டு வார்டாக எடுத்துப் பார்த்தார். மாநிலம் முழுவதும் தோற்றவருக்குப் பர்லிங்டனில், அதிலும் தொழிலாளர்கள் வாழும் வார்டுகளில், ஓரளவு நல்ல வாக்கு விழுந்திருந்தது. மாநிலத்தை விட்டுவிட்டு ஊரைப் பிடி என்று நண்பரை வற்புறுத்தினார்.

சாம்ப்ளேன் ஏரிக்கரையில் இருக்கும் பர்லிங்டன்தான் வெர்மான்ட்டின் மிகப் பெரிய நகரம். மிகப் பெரியது என்றாலும் 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 37,712 பேர்தான் இருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் கார்டன் பாக்கெட் ஐந்து முறை தொடர்ந்து மேயராக இருந்து, ஆறாவது முறையும் தனக்கே என்ற நம்பிக்கையில் இருந்தார். குடியரசுக் கட்சி அவரை எதிர்த்து வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. சொத்து வரியை உயர்த்தும் திட்டத்தோடு பாக்கெட் தேர்தலைச் சந்தித்தார். ஏரிக்கரையில் வசதி படைத்தவர்களுக்கான அடுக்குமாடி வீடுகள் கட்டும் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. வரி கட்டும் சிறு வீட்டுக்காரர்களும், வாடகை உயர்வில் தவித்த குடியிருப்போரும், பல்கலைக்கழக மாணவர்களும் ஒரே நேரத்தில் அதிருப்தியில் இருந்தார்கள். சாண்டர்ஸ் வீடு வீடாக ஏறி இறங்கினார். சம்பளப் பிரச்சினையில் குறைபட்டிருந்த காவலர் சங்கம், சோசலிஸ்ட் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் இந்த மனிதருக்கு ஆதரவு தெரிவித்தது. ஜனநாயகக் கட்சியிலிருந்து விலகி நின்ற இன்னொரு வேட்பாளர் பாக்கெட்டின் வாக்குகளைப் பிரித்தார்.

1981 மார்ச் 3 அன்று வாக்குப்பதிவு நடந்தது. மறு எண்ணிக்கைக்குப் பிறகு சாண்டர்ஸ் பெற்ற வித்தியாசம் 10 வாக்குகள். ஒரே தெருவில் ஐந்தாறு குடும்பங்கள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ரேகன் அதிபராகப் பதவியேற்று ஆறு வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாடு வலது பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது இந்தச் சிற்றூர் இடது பக்கம் திரும்பியது செய்தியானது.

வென்றதும் அவர் நினைத்ததைச் செய்ய முடிந்ததா?

முடியவில்லை. முதல் ஆண்டு முழுவதும் முட்டுக்கட்டைதான். 13 பேர் கொண்ட நகர்மன்றத்தில் அவருக்குக் கை கொடுத்தவர்கள் இருவர் மட்டுமே. நகராட்சியின் முக்கியப் பொறுப்புகளுக்கு அவர் பரிந்துரைத்த பெயர்களை மன்றம் நிராகரித்தது. தான் தோற்கடித்த மேயரின் அதிகாரிகளை வைத்துக்கொண்டே அவர் வேலை பார்க்க வேண்டியிருந்தது. இந்த ஆள் ஒரு விபத்து, இரண்டு ஆண்டு பொறுத்தால் போய்விடுவார் என்பது எதிர்த்தரப்பின் கணக்கு.

சாண்டர்ஸ் செய்தது இரண்டு காரியங்கள். அதிகாரிகள் இல்லாத இடத்தில் தன்னார்வலர்களைச் சேர்த்து இளைஞர், பெண்கள், கலை, வரி என்று துறைக்கொரு குழு அமைத்தார். அடுத்ததாக, 1982 நகர்மன்றத் தேர்தலில் தன் ஆதரவாளர்களை வார்டு வார்டாக நிறுத்தினார். அவர்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. ஆனால் மேயரின் மறுப்பாணையை மன்றம் முறியடிக்க முடியாத அளவுக்கு இடங்கள் கிடைத்தன. அதன் பிறகுதான் பேச்சுவார்த்தைக்கு வழி பிறந்தது. 1983, 1985, 1987 என மேலும் மூன்று முறை மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெரும்பான்மை இல்லாத இடத்தில் எதைப் பேசி வாங்குவது, எதற்காக நின்று சண்டை போடுவது என்ற கணக்கை அவர் கற்றது இந்த மன்றத்தில்தான். பிற்காலத்தில் வாஷிங்டனில் அவர் கையாண்ட முறைகள் ஏறக்குறைய இவையேதான்.

மேயராக அவர் உண்மையில் என்ன சாதித்தார்?

முதலில் கணக்கு வழக்கு. சோசலிஸ்ட் வந்தால் கஜானா காலியாகும் என்று பயந்தவர்கள் வியக்கும் அளவுக்கு நகராட்சியின் நிதி ஒழுங்குக்கு வந்தது. வழக்கமாக ஒரே இடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காப்பீட்டு ஒப்பந்தங்களுக்குப் போட்டி ஏலம் விட்டுச் செலவைக் குறைத்தார். முறையாகக் கணக்குப் பார்த்தபோது யாரும் கவனிக்காமல் கிடந்த உபரித் தொகையும் வெளியே வந்தது. வீட்டுக்காரர்கள் தலையிலேயே சுமையை ஏற்றும் சொத்து வரிக்கு மாற்றாக, உணவகம், தங்கும் விடுதி போன்றவற்றிலிருந்து வருமானம் தேடினார்.

அடுத்தது வீடு. என் பார்வையில் அவருடைய மொத்த வாழ்க்கையிலும் மிக நீடித்து நிற்கும் செயல் இதுதான். 1984இல் நகராட்சி 2,00,000 டாலர் விதைப் பணம் கொடுத்துப் பர்லிங்டன் சமூக நில அறக்கட்டளையைத் தொடங்கி வைத்தது. நகராட்சியே முன்வந்து நிதி கொடுத்துத் தொடங்கிய இத்தகைய அறக்கட்டளை அதற்கு முன் அமெரிக்காவில் இருந்ததில்லை. அது இயங்கும் விதம் எளிமையானது. மனை அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். வாங்குபவர் கட்டடத்துக்கு மட்டும் பணம் கொடுப்பார். மனை விலை கழிந்துவிடுவதால் சாதாரணச் சம்பளக்காரருக்கும் வீடு எட்டும் விலைக்கு வருகிறது. வாங்கியவர் அந்த வீட்டில் காலம் முழுவதும் இருக்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். விற்கும்போதுதான் நிபந்தனை. விலை உயர்வில் கால் பங்கு விற்பவருக்கு. மிச்சம் வீட்டோடு தங்கி, அடுத்து வருபவருக்கும் விலையைக் குறைவாகவே வைத்திருக்கும். உதாரணமாக, ஒரு வீட்டின் மதிப்பு 40,000 டாலர் உயர்ந்திருந்தால், விற்பவர் தான் கட்டி முடித்த கடன் தொகையோடு 10,000 டாலர் எடுத்துக்கொண்டு போவார். ஒரு முறை கொடுத்த உதவி ஒரே குடும்பத்தோடு கரைந்துபோகாமல், அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் பயன்படுகிறது. அன்று அதை எதிர்த்தவர்கள் சொத்துரிமைக்கே ஆபத்து என்றார்கள். அதே அறக்கட்டளை இன்று சாம்ப்ளேன் வீட்டுவசதி அறக்கட்டளை என்ற பெயரில் இயங்குகிறது. 2008இல் உலக வாழிட விருதையும் பெற்றது.

வாடகை வீட்டுக்காரர்களையும் நகராட்சி விட்டுவிடவில்லை. நார்த்கேட் என்ற குடியிருப்பில் 336 வீடுகள் இருந்தன. அரசுக் கடன் உதவியோடு கட்டப்பட்டவை என்பதால் அவற்றின் வாடகைக்கு உச்சவரம்பு இருந்தது. அந்த வரம்பு நீங்கிச் சந்தை விலைக்குப் போய்விடும் நிலை வந்தபோது, குடியிருப்போரும் நகராட்சியும் சேர்ந்து நின்று, அவை இலாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு வர வழி செய்தார்கள். ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த இடம் அது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் வந்துவிடுமோ என்று அஞ்சியவர்கள் அங்கேயே தங்க முடிந்தது.

மூன்றாவது ஏரிக்கரை. இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஏரிக்கரை விவகாரம் என்ன? அதில் அவர் கொள்கை மாறினார் என்கிறார்களே?

பர்லிங்டனின் ஏரிக்கரை, ஒரு காலத்தில் மரக்கட்டை வணிகத்துக்காகவும் இரயில் பாதைக்காகவும் மண் கொட்டி நிரப்பிய நிலம். எழுபதுகளின் இறுதியில் அது எண்ணெய்த் தொட்டிகளும் துருப்பிடித்த தண்டவாளங்களுமாகக் கிடந்தது. ஏரிக்கரை விற்பனைக்கு அல்ல என்ற முழக்கத்தோடு சாண்டர்ஸ் வென்றது உண்மை. ஆனால் மேயரான பிறகு, ஆல்டன் என்ற நிறுவனம் கொண்டுவந்த பெரிய வணிகத் திட்டத்தை, பொதுமக்களுக்கான நடைபாதைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்டிருப்பதைக் காட்டி, அவர் ஆதரித்தார். அவருடைய ஆதரவாளர்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். 1985 டிசம்பரில் கடன் பத்திரத்துக்கான வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஆதரவு கிடைத்தும், தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் திட்டம் வீழ்ந்தது.

அவர் தவறாகக் கணித்த இடம் இது என்று நான் நினைக்கிறேன். அதை மறைக்க வேண்டியதில்லை. தோற்ற பிறகு எடுத்த வழிதான் கவனிக்கத்தக்கது. நீர்ப்பரப்பை நிரப்பி உண்டாக்கிய நிலம் பொதுநலனுக்காக மட்டுமே பயன்பட வேண்டும் என்ற பழைய சட்டக் கோட்பாட்டைப் பிடித்துக்கொண்டு, இரயில் நிறுவனத்துக்கு எதிராக நகராட்சி நீதிமன்றம் போனது. 1989 இறுதியில், அவர் பதவியை விட்டு விலகிய பிறகு, வெர்மான்ட் உச்ச நீதிமன்றம் பொதுநலன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று அங்கே பூங்காவும் படகுத்துறையும் கரையோர மிதிவண்டிப் பாதையும் இருக்கின்றன. அந்தப் பூங்காவுக்குப் போக யாரும் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டவர் தொழில் நிறுவனங்களை விரட்டினாரா?

இல்லை. 1983இல் பர்லிங்டனில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆயுதத் தொழிற்சாலையின் வாசலைப் போர் எதிர்ப்பாளர்கள் மறித்தபோது, அவர்களைக் கைது செய்ய விட்டவர் இதே மேயர். அங்கே வேலை பார்த்த தொழிலாளர்களைத் தடுப்பது போரை நிறுத்தும் வழியல்ல என்பது அவர் வாதம். இடதுசாரி நண்பர்கள் பலர் அதற்காக அவரை மன்னிக்கவில்லை. சிறு தொழில்களுக்குக் கடனும் ஆலோசனையும் கொடுக்க நகராட்சியில் சமூக, பொருளாதார மேம்பாட்டு அலுவலகத்தைத் தொடங்கினார். வெர்மான்ட் ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணியை 1984இல் ஊருக்குக் கொண்டுவந்தார்.

மேயராக இருந்துகொண்டு வெளியுறவு விவகாரங்களில் தலையிட்டாரா?

தலையிட்டார். நிகரகுவாவில் ரேகன் அரசின் தலையீட்டை எதிர்த்து 1985இல் அந்த நாட்டுக்கே போய்வந்தார். புவெர்ட்டோ கபேசாஸ் பர்லிங்டனின் சகோதர நகரமானது. 1988இல் சோவியத் ஒன்றியத்தின் யாரோஸ்லாவில் நகருக்கு, திருமணமான மறுநாளே, மனைவி ஜேனோடும் ஒரு குழுவோடும் புறப்பட்டார். குப்பை அள்ளுவதைப் பார்க்காமல் உலகம் சுற்றுகிறார் என்று ஊரில் கேலி செய்தவர்கள் உண்டு. இந்தப் பயணங்களில் சந்தித்த சில தலைவர்களைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தைகள் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதிபர் தேர்தலில் அவருக்கு எதிராகவே எடுத்துக் காட்டப்பட்டன.

நகராட்சியிலிருந்து நாடாளுமன்றத்துக்கு எப்படிப் போனார்?

ஒரே தாவலில் அல்ல. 1986இல் ஆளுநர் தேர்தலில் மூன்றாவது இடம், 14 விழுக்காடு. 1988இல் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்கு நின்று, குடியரசுக் கட்சியின் பீட்டர் ஸ்மித் பெற்ற 41 விழுக்காட்டுக்கு எதிராக 38 விழுக்காடு பெற்றுத் தோற்றார். ஆனால் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அவருக்கும் பின்னால் தள்ளப்பட்டிருந்தார். இனி வாக்கைப் பிரிப்பவர் என்ற பழி சாண்டர்ஸ் மேல் விழாது என்பது அந்தத் தோல்வியில் கிடைத்த லாபம்.

1989 ஏப்ரலில் மேயர் பதவியை விட்டு இறங்கி, சிறிது காலம் கல்லூரிகளில் பாடம் நடத்தினார். 1990இல் மறுபடியும் ஸ்மித்தை எதிர்த்து நின்று ஏறத்தாழ 56 விழுக்காடு வாக்கோடு வென்றார். வெர்மான்ட்டுக்குப் பிரதிநிதிகள் அவையில் ஒரே ஓர் இடம்தான். முழு மாநிலமும் ஒரே தொகுதி. நாற்பது ஆண்டுகளில் அந்த அவைக்குச் சுயேச்சையாக வென்று வந்த முதல் ஆள் அவர்.

சுயேச்சை உறுப்பினரால் அங்கே என்ன செய்ய முடியும்?

அமெரிக்க நாடாளுமன்றத்தில் வேலை நடப்பது குழுக்களில். குழுவில் இடம் கிடைப்பது கட்சி வழியாக. எனவே தனி ஆள் என்றால் கையில் ஒன்றும் இல்லை. ஜனநாயகக் கட்சியின் பழமைவாதிகள் அவரைத் தங்களோடு சேர்க்க மறுத்தார்கள். கட்சியில் சேராமலே கட்சியோடு அமர்வது, குழு இடங்களை அவர்கள் கணக்கில் பெறுவது என்ற ஏற்பாட்டுக்குக் கடைசியில் வந்தார்கள். செனட்டுக்குப் போன பிறகும் இதே ஏற்பாடுதான். வெர்மான்ட்டில் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் வென்று, வேட்பாளர் பட்டத்தை ஏற்காமல் மறுத்துவிட்டுச் சுயேச்சையாகவே நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

1991இல் ரான் டெலம்ஸ், மாக்சின் வாட்டர்ஸ் முதலியோருடன் சேர்ந்து முற்போக்கு உறுப்பினர் குழுவைத் தொடங்கினார். சென்னையில் பிறந்தவரான பிரமீளா ஜெயபால் பிற்காலத்தில் தலைமையேற்றது இந்தக் குழுவுக்குத்தான். 

பிரதிநிதிகள் அவையில் பதினாறு ஆண்டுகள் என்ன செய்தார்?

அவருடைய வேலை பெரும்பாலும் திருத்தங்களில் நடந்தது. சொந்த மசோதா கொண்டுவந்தால் பெரும்பான்மைக் கட்சி அதை எடுத்துக்கொள்ளாது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வேறொருவர் மசோதாவில் ஒரு வரியைச் சேர்ப்பது, நீக்குவது, அதற்குக் குடியரசுக் கட்சியிலேயே ஆதரவு திரட்டுவது என்று வேலை பார்த்தார். 1995 முதல் 2007 தொடக்கம் வரை, பெயர் சொல்லி வாக்களிக்கும் முறையில் அவருடைய 17 திருத்தங்கள் நிறைவேறின. அந்தக் காலத்தில் வேறு எந்த உறுப்பினருக்கும் இவ்வளவு நிறைவேறவில்லை. பர்லிங்டன் மன்றத்தில் கற்ற பாடம் என்று நான் மேலே சொன்னது இதைத்தான்.

1999 ஜூலையில் அவர் செய்த ஒரு காரியம் என் மனத்தில் நிற்கிறது. வெர்மான்ட்டில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த பெண்கள் சிலரைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு கனடா எல்லையைக் கடந்து மொண்ட்ரியால் நகருக்குப் போனார். அங்கே அதே டமாக்சிஃபென் மாத்திரை அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குக் கிடைத்தது. மருந்து விலையைப் பற்றி ஆயிரம் புள்ளிவிவரம் சொல்லியிருக்கலாம். இரண்டு நாட்டு இரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது போல வேறு எதுவும் மக்களுக்குப் புரிந்திருக்காது. மாநிலங்கள் புற்றுநோய்ப் பதிவேடு வைத்துக்கொள்ள வழிசெய்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவர் பங்கு உண்டு.

போர்கள் குறித்த வாக்குகளில், 1991 வளைகுடாப் போருக்கும் 2002இல் ஈராக் போருக்கும் எதிராக வாக்களித்தார். 2001இல் ஆப்கானிஸ்தான் நடவடிக்கைக்கு வழிவிட்ட தீர்மானத்தை ஆதரித்தார். 1996இல் ஒரே பாலினத் திருமணங்களை மறுத்த சட்டத்துக்கும், 2001இல் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய தேசபக்திச் சட்டத்துக்கும் எதிராக நின்றார்.

துப்பாக்கிச் சட்டத்தில் அவர் நிலை ஏன் விமர்சிக்கப்படுகிறது?

வெர்மான்ட் வேட்டைக்காரர்களின் மாநிலம். 1990 தேர்தலில் ஸ்மித் தோற்றதற்கு, அவர் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளின் தடையை ஆதரித்து, அதனால் துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் சங்கம் அவர் மேல் பாய்ந்ததும் ஒரு காரணம். சாண்டர்ஸ் 1993இல் கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் பிராடி மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார். 2005இல் துப்பாக்கி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். பிற்காலத்தில் நிலையை மாற்றிக்கொண்டார். தொகுதியின் மனநிலைக்கு அவரும் வளைந்தார் என்று சொல்வோரிடம் நியாயம் இருக்கிறது.

செனட்டில் அவருடைய முக்கியமான பணிகள் எவை?

2006இல் ஜிம் ஜெஃபர்ட்ஸ் ஓய்வு பெற்றபோது காலியான இடத்துக்கு, சொந்தப் பணத்தைக் கொட்டிச் செலவழித்த தொழிலதிபர் ரிச்சர்ட் டாரண்டை எதிர்த்து 65 விழுக்காடு வாக்கோடு வென்றார். 2012, 2018, 2024 தேர்தல்களிலும் வென்றார்.

2010 சுகாதாரச் சட்டத்தில், காப்பீடு இல்லாதவர்களும் போகக்கூடிய சமூக சுகாதார மையங்களுக்கு 1,100 கோடி டாலர் ஒதுக்க வைத்தது அவர் வற்புறுத்தலால். அதே ஆண்டு, நிதி நெருக்கடியின்போது மத்திய வங்கி யார் யாருக்கு எவ்வளவு அவசரக் கடன் கொடுத்தது என்று தணிக்கை செய்ய வைக்கும் அவருடைய திருத்தம் 96க்கு 0 என்ற கணக்கில் நிறைவேறியது. இடதும் வலதும் ஒரு வாக்குகூட எதிராகப் போடாமல் சேர்ந்தது அபூர்வம்.

2010 டிசம்பர் 10 அன்று, பணக்காரர்களுக்கான வரிச் சலுகையை நீட்டிக்கும் உடன்பாட்டை எதிர்த்து, காலையில் அவையில் பேச எழுந்தவர் எட்டரை மணி நேரம் பேசினார். மசோதா நிறைவேறியே தீர்ந்தது. ஆனால் அவரைக் கேள்விப்படாத பல லட்சம் பேர் அன்றுதான் முதன்முதலாக அவர் பேச்சைக் கேட்டார்கள்.

2013, 2014இல் முன்னாள் படைவீரர் நலக் குழுவின் தலைவராக இருந்தார். அரிசோனாவில் படைவீரர் மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியலை மறைத்த முறைகேடு வெளியானபோது அவர் வேகம் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பிறகு ஜான் மெக்கெய்னோடு உட்கார்ந்து பேசி, புதிய மருத்துவர்களை நியமிக்கவும் தனியார் மருத்துவமனைகளில் சிகிச்சை பெறவும் வழி செய்யும் 2014 சட்டத்தை நிறைவேற்றினார். 2018இல் ஏமன் போருக்கு அமெரிக்க உதவியை நிறுத்தும் தீர்மானத்தைக் குடியரசுக் கட்சியின் மைக் லீயோடு சேர்ந்து கொண்டுவந்தார். 2019இல் இரு அவைகளும் நிறைவேற்றிய அதே நோக்கமுள்ள தீர்மானத்தை அதிபர் டிரம்ப் நிராகரித்தார்.

அவர் பெயரில் நிறைவேறிய சட்டங்கள் மிகக் குறைவு என்பது உண்மையா?

உண்மை. 2015 வரையிலான இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் முதல் முன்மொழிவாளராக இருந்து சட்டமானவை மூன்றே மூன்று. அவற்றில் இரண்டு தபால் நிலையங்களுக்குப் பெயர் சூட்டுபவை. எதிரிகள் இதை எப்போதும் சொல்வார்கள். திருத்தங்களையும் ஒதுக்கீடுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும் என்பது அவர் தரப்புப் பதில். இரண்டையும் எடை போட்டுப் பார்த்தால், பெரிய சட்டங்களை உருவாக்கியவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சட்டங்களுக்குள் சாதாரண மக்களுக்கு ஒரு கதவு திறந்து வைத்தவர் என்று சொல்வேன்.

இரண்டு முறை அதிபர் வேட்பாளர் ஆக முயன்றாரே?

2016இல் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில் ஹிலாரி கிளின்டனை எதிர்த்து 22 மாநிலங்களில் வென்று, ஏறத்தாழ 1.3 கோடி வாக்குகள் பெற்றுத் தோற்றார். நியூஹாம்ப்ஷயர் வெற்றியால் அதிபர் உட்தேர்தல் ஒன்றில் வென்ற முதல் யூதர் ஆனார். பெரும் பணக்காரர்களை நம்பாமல் சராசரியாக 27 டாலர் சிறு நன்கொடைகளில் பிரசாரத்தை நடத்தினார். 2020இல் தொடக்கத்தில் முன்னிலை பெற்று, பிறகு ஜோ பைடனிடம் பின்தங்கி, ஏப்ரல் 8 அன்று விலகினார்.

கோடீஸ்வரர்களைத் திட்டுபவர் தானே கோடீஸ்வரர் ஆனது எப்படி?

எழுதிய புத்தகங்களின் வருமானத்தால். 2019இல் வெளியிட்ட வரிக் கணக்குகளின்படி 2016, 2017 ஆண்டுகளில் அவருடைய குடும்ப வருமானம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பெரும்பாலும் பதவிச் சம்பளமும் மனைவியின் வருமானமும்தான்.

பர்லிங்டனில் அவர் காலத்தின் தடம் இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. அவருடைய ஆதரவாளர்கள் வார்டு வார்டாகக் கட்டிய கூட்டணி பிறகு வெர்மான்ட் முற்போக்குக் கட்சியாக உருவெடுத்தது. அவருக்குப் பின் மேயரான பீட்டர் கிளேவல், மேம்பாட்டு அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர். 2024 மார்ச்சில் அந்தக் கட்சியின் எம்மா மல்வேனி-ஸ்டானக் நகரின் முதல் பெண் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நில அறக்கட்டளையின் வீடுகள் கைமாறிக் கைமாறிப் புதிய குடும்பங்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. 2015 மே 26 அன்று அதிபர் பிரசாரத்தை முறைப்படி தொடங்க நாட்டின் எந்த நகரத்தையும் அவர் தேர்ந்தெடுத்திருக்கலாம். எண்ணெய்த் தொட்டிகள் நின்ற அந்த ஏரிக்கரைப் பூங்காவில்தான் மேடை போட்டார்.